பாலும் பழமும் சேரலாமா?

கேள்வி: பிள்ளைகளுக்கு மாலையில் வாழைப்பழ மில்க் ஷேக் கொடுக்கிறேன். ஆயுர்வேதத்தில் அது கூடாதாமே? மாம்பழம், அன்னாசி போட்டால்?

பதில்: ஆயுர்வேதத்தின் பழைய மூல நூலான சரக சம்ஹிதையில், சூத்திரஸ்தானம் என்ற பகுதியின் 26-ஆம் அத்தியாயம், புளிப்புப் பழங்கள் எல்லாவற்றையும் பாலுக்கு ஆகாதவை என்கிறது. வாழையும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல பசியும் உடலுழைப்பும் உள்ள இளையவர்கள், அதற்குப் பழகியவர்கள், கொஞ்சமாகச் சாப்பிடுபவர்கள் ஆகியோரை இது பாதிக்காது என்றும் அதே அத்தியாயம் சொல்வதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை! ஓடியாடும் பிள்ளைக்கு எப்போதாவது அரை டம்ளர் என்றால் பயப்பட வேண்டாம். சளி, மந்தம் இருக்கும் நாளில் மட்டும் தவிருங்கள். பழத்தைத் தனியாகக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பால் கொடுப்பது இன்னும் நல்லது.

மாம்பழம் நன்றாகப் பழுத்து, கொட்டையருகே கூடப் புளிப்பில்லாமல் இருந்தால் பாலோடு சேர்க்கலாம்.

அன்னாசி வேறு கதை. அதிலுள்ள புரோமிலைன் என்ற நொதி பால்புரதத்தைச் சிதைப்பதால் சிறிது நேரத்திலேயே கசந்துவிடும். புளிப்பு மிகுந்தால் பால் திரியவும் செய்யும். துண்டுகளைச் சர்க்கரையோடு 5 நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் கசப்பு வராது. ஆனால் புளிப்பு போகாது, ஆகவே ஆயுர்வேதத் தடை அப்படியே இருக்கும்.

எந்தப் பழமும் சேர்க்காமலே பால் குடித்தால் வயிறு உப்புகிறதா? குற்றவாளி பாலில் இயல்பாக உள்ள சர்க்கரையான லாக்டோஸாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.