ஆரப்பாளையத்தில் இறக்கிவிட்ட பெண்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். நான்கு வருஷமாக ஷட்டிலில் டபுள்ஸ் மட்டும் ஆடுகிறாள். ஒரே பார்ட்னர்தான். போன மாதம் மதுரையில் ஒரு ஃபைனலில் மூன்றாவது கேமில் 19-19 என்று இருந்தபோது அந்தப் பெண் சர்வீஸை வலையில் அடித்தாள். அடுத்து வந்த ஸ்மாஷையும் எடுக்கவில்லை. தோற்றுவிட்டோம். வேறொரு நல்ல பெண்ணோடு ஜோடி சேர்க்கலாம் என்கிறார் கோச். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். டபுள்ஸை நம்பி ஒரு பெண் வாழ முடியுமா என்றும் தெரியவில்லை. பார்ட்னரின் அப்பா தறி ஓட்டுகிறவர்; அவள் எப்போதும் எங்கள் காரில்தான் வருவாள். தோற்ற அன்று யாருக்கும் மனசு சரியில்லாததால் அவளை மட்டும் ஆரப்பாளையத்தில் எட்டு மணி பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். அன்றிலிருந்து என் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. தோல்வியை அவள் மறக்க என்ன செய்வது?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நீங்கள் கேட்ட கேள்விகளைப் படித்தேன். இரண்டாம் முறை அந்த எட்டு மணி பஸ்ஸைத் தாண்டிப் போக முடியவில்லை.

மதுரையிலிருந்து சேலத்துக்கு நான்கைந்து மணி நேரம். நள்ளிரவு தாண்டித்தான் இறங்கியிருப்பாள். தோளில் கிட் பேக், உடம்பில் மூன்று கேம் ஆடிய களைப்பு, மனசில் அந்த ஒரு சர்வீஸ். சாப்பிட்டாளா என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் காரில் இடமில்லாமல் போகவில்லை. காலையில் அவள் உட்கார்ந்து வந்த சீட் திரும்பும்போது காலியாகத்தான் வந்தது. நீங்களும் சேலம்தான், அவளும் சேலம்தான். அடுத்த வீட்டுப் பெண்ணை நம்பிக் கூட்டிப்போனவர்கள் அவளை அவள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட வேண்டும். ஜெயித்தால் ஒரு மாதிரி, தோற்றால் ஒரு மாதிரி என்பதெல்லாம் இதில் கிடையாது. அந்தத் தாய் உங்களை நம்பித்தானே அனுப்பினாள்?

உங்கள் மகள் தோல்வியால் சாப்பிடாமல் இருக்கிறாள் என்று நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நான்கு வருஷம் தன் பக்கத்தில் நின்றவளைத் தன் அப்பா அம்மாவே பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டதை அவள் காருக்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். ‘வேண்டாம்’ என்று சொல்லத் தைரியம் வரவில்லை. அதுதான் தொண்டையில் நிற்கிறது. இன்னொன்றும் அவளுக்குப் புரிந்திருக்கும். நாளைக்குத் தான் சர்வீஸை வலையில் அடித்தால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று.

சரி, அந்த 19-19க்கு வருகிறேன். சர்வீஸ் போனது அவள் தப்பு. ஆனால் அடுத்த ஸ்மாஷ்? காக் மேலே எழும்பி வந்தால்தான் எதிராளி ஸ்மாஷ் அடிக்க முடியும். அதைத் தூக்கிக் கொடுத்தது யார்? நீங்கள் எழுதவில்லை. டபுள்ஸில் ஒருத்தி அரைகுறையாகத் தூக்கிவிடுவாள், ஸ்மாஷ் இன்னொருத்தியின் இடுப்புக்கு வந்து இறங்கும். கேலரியில் இருப்பவர்கள் கண்ணுக்கு எடுக்காதவள்தான் குற்றவாளி. யார் தூக்கிக் கொடுத்தது என்று கோர்ட்டில் நிற்கும் இரண்டு பேருக்கும் தெரியும். உங்கள் மகளுக்கும் தெரிந்திருக்கும்.

டபுள்ஸில் வாழ முடியுமா என்று கேட்டீர்கள். பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 10 லட்சம் டாலர் பரிசுத்தொகை உள்ள பெரிய சர்வதேசப் போட்டியில் ஒற்றையரில் ஜெயித்தவருக்கு 70,000 டாலர், இரட்டையரில் ஜெயித்த ஜோடிக்கு 74,000 டாலர் என்பது வழக்கமான பங்கீடு. ஆளுக்கு 37,000. அந்த உயரத்துக்குப் போகிறவர்களே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதனால் பிளஸ் டூவை விடாமல் எழுதட்டும், காலேஜில் சேரட்டும். உலகத் தரவரிசையும் ஜோடிக்குத்தான். தனியாக எடுத்துக்கொண்டு போக முடியாது. மலேசியாவின் கிள்ளானில் பிறந்த நம் தமிழ்ப் பெண் தீனா முரளிதரனைப் பாருங்கள். பார்ட்னர் பெர்லி டானோடு சேர்ந்து 2022 காமன்வெல்த்தில் தங்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் தோற்று நான்காவது இடம். அதோடு பிரிந்துவிடவில்லை. 2025 உலக சாம்பியன்ஷிப்பில் அதே ஜோடி ஃபைனல் வரைக்கும் போய் வெள்ளி வாங்கியது.

அதற்காகப் பார்ட்னரை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2011இல் லண்டனில் நம் நாட்டு ஜுவாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் உலக சாம்பியன்ஷிப் வெண்கலம் வாங்கினார்கள். பிறகு அஸ்வினி, பிரத்ன்யா காத்ரேயோடு ஆடினார், மறுபடி ஜுவாலாவோடு, அப்புறம் சிக்கி ரெட்டியோடு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தனிஷா கிராஸ்டோவோடு இறங்கினார். ஜோடி மாறும். காயம் வரும், வயசு வரும். மாறுவது பாவமில்லை. ஒரு பிள்ளையை இருட்டில் இறக்கிவிட்டுப் பிரிவதுதான் பாவம்.

எனக்குப் பிடித்த ஜோடி இந்தோனேசியாவினுடையது. கிரேசியா பொலி 2012 ஒலிம்பிக்கில் வேண்டுமென்றே தோற்க ஆடியதாகப் பார்ட்னரோடு வெளியேற்றப்பட்டவர். அதற்குப் பிறகு நித்யாவோடு சேர்ந்து 2014 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். நித்யா முழங்கால் காயத்தால் ஆட முடியாமல் போனார். முப்பதை நெருங்கிய கிரேசியாவுக்கு 2017இல் பார்ட்னராக வந்தவர் அப்ரியானி ரஹாயு, 19 வயது. பதினொரு வயது இளையவர். 2021இல் டோக்கியோவில் இருவரும் தங்கத்துக்காக ஆடிக்கொண்டிருந்தபோது, ரேலி நடுவில் கிரேசியாவின் பேட்டில் ஸ்டிரிங் அறுந்துவிட்டது. அவர் கோர்ட்டைவிட்டு ஓடிப்போய் வேறு பேட் எடுத்துவந்தார். அதுவரை அந்தச் சின்னப் பெண் முழு கோர்ட்டையும் ஒற்றையாளாகக் காத்து நின்றாள். அந்தப் பாயின்டும் அவர்களுக்குத்தான், தங்கமும் அவர்களுக்குத்தான்.

என்றைக்காவது உங்கள் மகளின் பேட்டும் அறுந்துபோகும். அப்போது கோர்ட்டில் தனியாக நிற்க யார் வருவார்கள்? கோச் சொல்லும் ‘நல்ல பெண்’ணுக்கும் ஒரு நாள் சர்வீஸ் வலையில் போகும். அன்று அவளை எந்த பஸ் ஸ்டாண்டில் இறக்குவீர்கள்?

கோச்சுக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும் என்றால், வியாழக்கிழமை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போங்கள். போனில் வேண்டாம். உங்கள் கணவரும் வரட்டும், காரை ஓட்டியவர் அவர்தானே. மகளையும் கூட்டிப்போங்கள், ஆனால் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் அவள் இல்லை. அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நீங்கள் கேளுங்கள். ‘நீங்க நம்பி அனுப்புன பொண்ண நாங்க பத்திரமா கொண்டுவந்து விடல, தப்பு எங்கமேல’ என்று நேராகச் சொல்லுங்கள். ‘எல்லாருக்கும் மனசு சரியில்லை’ என்று என்னிடம் சொன்னதை அங்கே சொல்லாதீர்கள். அவர்கள் ‘பரவாயில்லைங்க’ என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். உங்கள் காரில் நான்கு வருஷம் வந்ததற்காக அவர்கள் வேறெதுவும் சொல்ல முடியாது.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு பெண்களையும் தனியாக விடுங்கள், வாசலில் நின்று பேசட்டும். வீட்டுக்கு வந்த பிறகு, யாரோடு ஆடப்போகிறாய் என்று மகளிடமே கேளுங்கள். அவள் சொல்வதைக் கோச்சிடம் அப்படியே சொல்லுங்கள்.