பாப்ளர் மருத்துவச்சிகளின் பையில் என்ன இருந்தது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

'கால் த மிட்வைஃப்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகளில் காதல் கதைகளைப் பற்றியவை குறைவு. கொம்பு, வெந்நீர், வாயு உருளை பற்றியவைதான் ஏராளம். தொடரில் வருவது கிழக்கு லண்டனின் பாப்ளர் பகுதியில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்த துறவறச் சகோதரிகள், மருத்துவச்சிகள் கதை. 1950களில் அங்கே நடந்த வேலையை மனத்தில் வைத்தே பதில்கள் தரப்பட்டுள்ளன. இன்றைய வழக்கம் மாறியிருக்கும் இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: இந்தச் சகோதரிகள் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகளா? துறவறம் பூண்டவர்கள் பிரசவம் பார்க்க அனுமதி உண்டா?

கத்தோலிக்கர் அல்லர், ஆங்கிலிக்கன் சபையினர். நம் ஊர் சி.எஸ்.ஐ.க்கு ஒருவகையில் தாய்வீட்டு உறவு. தொடரில் வரும் நொன்னாட்டஸ் இல்லம் கற்பனை. அதற்கு மூலமாக இருந்தது பாப்ளரில் இயங்கிய செயின்ட் ஜான் த டிவைன் சபை. 1848-ல் லண்டனில் தாதியர் பயிற்சிக்கென்றே தொடங்கப்பட்ட அமைப்பு அது. 1854-ல் நைட்டிங்கேலுடன் கிரிமியப் போருக்குப் போன குழுவில் அந்த அமைப்பின் தாதியரும் இருந்தார்கள். 1950களில் அச்சபையோடு வேலை பார்த்த ஜெனிஃபர் வொர்த் எழுதிய நினைவுகளே தொடரின் அடிப்படை.

'நொன்னாட்டஸ்' என்றால் லத்தீனில் 'பிறக்காதவர்'. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரேமண்ட் என்ற புனிதர், தாய் இறந்த பிறகு வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டவர் என்பது மரபு. அதனால் அவர் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் காவல் புனிதர். பெயர் வைத்தவர்களுக்குக் குறும்பு கொஞ்சம் உண்டு.

கத்தோலிக்கத் துறவியருக்கோ நீண்டகாலம் இந்த வேலைக்குத் தடை இருந்தது. 1936 பிப்ரவரியில் ரோம் பிறப்பித்த ஆணைக்குப் பிறகுதான் மிஷன் நாடுகளில் பேறுகால மருத்துவம் பார்க்க அவர்களுக்கு வழி திறந்தது.

கேள்வி: மரக் கொம்பை வயிற்றில் வைத்துக் காது கொடுக்கிறார்கள். உண்மையிலேயே அதில் ஏதாவது கேட்குமா?

நன்றாகக் கேட்கும், வைக்கத் தெரிந்தால். பிரெஞ்சு மருத்துவர் அடோல்ஃப் பினார்ட் 1895-ல் வடிவமைத்தது அது. ஒரு சாண் நீளம்கூட இராது. மரத்திலோ அலுமினியத்திலோ செய்வார்கள்.

கொம்பை எடுப்பதற்கு முன் கையால் தடவிக் குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பக்கம் பலகைபோல வழவழப்பாக இருந்தால் முதுகு. முடிச்சு முடிச்சாக அகப்பட்டால் கைகால். இதயத்துடிப்பு தெளிவாகக் கேட்பது முதுகின் வழியாக, தோள்பட்டைக்கு நேரே. தலை கீழே இருக்கும் குழந்தைக்கு அந்த இடம் தாயின் தொப்புளுக்குக் கீழே இடமோ வலமோ வரும். தொப்புள் மட்டத்திலோ அதற்கு மேலேயோதான் நன்றாகக் கேட்கிறது என்றால், குழந்தை புட்டம் கீழாக இருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

அகன்ற வாயை வயிற்றில் செங்குத்தாக வைத்து, தட்டையான முனையில் காதை அழுத்தி, கையை எடுத்துவிட வேண்டும். இதுதான் பயிற்சிப் பெண்கள் தவறும் இடம். கை கொம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தால் விரல் உரசும் சத்தம்தான் கேட்கும். எடுத்த கை தாயின் மணிக்கட்டுக்குப் போக வேண்டும். காதில் விழும் துடிப்பும் நாடியும் ஒரே வேகத்தில் ஓடினால் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது தாயின் ரத்தக்குழாயை, குழந்தையை அல்ல. குழந்தையின் துடிப்பு தலையணைக்கடியில் வைத்த கைக்கடிகாரம் போல அமுங்கிய இரட்டைத் தட்டு. நிமிடத்துக்கு 120 முதல் 160 வரை இருந்தால் சரி என்பது அந்தக் காலக் கணக்கு. இன்று கீழ் எல்லையை 110 என்கிறார்கள்.

முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும், அதுவும் வலி ஓய்ந்தவுடனே. வலி முடிந்த பிறகும் துடிப்பு மெதுவாகவே இருந்து, மேலே ஏறத் தாமதமானால் அது ஆபத்துக் குறி. தொடரில் மூன்றே நொடியில் நிமிர்ந்து புன்னகைப்பது காமிராவுக்காக.

கேள்வி: "வெந்நீர் கொண்டு வா!" என்று விரட்டுவது கணவனை வெளியே அனுப்பத்தானே?

அந்த லாபமும் உண்டு. ஆனால் வேலை நிஜமான வேலை. கத்தரி, கவ்விகள், கண்ணாடி ஊசிக்குழல், தொப்புள்கொடி கட்டும் நூல் எல்லாம் கொதிநீரில் கிடந்தாக வேண்டும். தூக்கி எறியும் பிளாஸ்டிக் ஊசியை அந்த வீடுகள் அப்போது பார்த்ததில்லை. கை கழுவ, தாயைத் துடைக்க, குழந்தையைக் குளிப்பாட்ட என்று வேறு தண்ணீர் வேண்டும். பாப்ளர் குடியிருப்புகள் பலவற்றில் குழாய் கீழ்த்தளத்திலோ முற்றத்திலோதான். கெட்டில் கெட்டிலாகச் சுடவைத்து மாடி ஏற்ற வேண்டியிருந்தது.

செய்தித்தாளைப் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். மெத்தையைக் காக்க முரட்டுத் தாளும் பழைய செய்தித்தாள்களும் பரப்புவார்கள். மலிவு, ஈரத்தை உறிஞ்சும், முடிந்ததும் நஞ்சுக்கொடியோடு சேர்த்துச் சுருட்டி அடுப்பில் எரித்துவிடலாம். எனிமா கொடுப்பதும் மழிப்பதும் அன்று கட்டாயச் சடங்கு. கிருமித் தொற்று குறையும் என்று நம்பினார்கள். பிற்காலத்தில் சோதித்துப் பார்த்தபோது இரண்டாலும் பயன் இல்லை என்றே தெரிந்தது.

கேள்வி: தாய் ஏன் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறாள்? தலை தெரியும் நேரத்தில் "முக்காதே" என்கிறார்களே, முக்க வேண்டாமா?

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கிழியாமல் காப்பது. அக்காலப் பிரிட்டிஷ் மருத்துவச்சிகள் பெரிதும் விரும்பிய நிலை இடப்பக்க ஒருக்களிப்பு. முழங்கால்கள் மடங்கி மேலே வரும், வலக்காலை யாராவது தாங்குவார்கள், மருத்துவச்சி தாயின் முதுகுப் பக்கம் நிற்பாள். கர்ப்பப்பையின் பாரம் முழுவதும் தாயின் முதுகுப்புற ரத்தநாளத்தில் இறங்காது, தலையும் மெதுவாக வரும், மருத்துவச்சிக்குக் கண்ணெதிரே எல்லாம் தெரியும்.

வலிக்கு வலி தலை முன்னால் வந்து, வலி ஓய்ந்ததும் பின்னால் நழுவும். ஒரு கட்டத்தில் பின்வாங்காமல் அங்கேயே நின்றுவிடும். அப்போதுதான் "முக்காதே, நாய் இளைப்பதுபோல மூச்சு விடு" என்ற கட்டளை. அந்த நேரத்தில் முழுமூச்சாக முக்கினால் தலை வெடுக்கென்று வெளியேறும், தசை கிழியும். ஒரு கை தலையின் வேகத்தைத் தடுக்க, தலை அங்குலம் அங்குலமாக வர வேண்டும்.

தலை வந்ததும் கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா என்று ஒரு விரல் விட்டுப் பார்ப்பார்கள். தளர்வாக இருந்தால் தலைக்கு மேலாகக் கழற்றலாம். இறுகியிருந்தால் இரண்டு கவ்வி போட்டு நடுவில் வெட்ட வேண்டும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு அடுத்த வலிக்குக் காத்திருப்பது. தலை தானாகவே ஒரு பக்கம் திரும்பும், அதற்குப் பிறகுதான் தோள். தொடரில் நமக்குப் பிடித்தது, இந்தக் காத்திருப்பை வெட்டாமல் காட்டுவது.

கேள்வி: சைக்கிளில் எடுத்துப்போகும் வாயு எது? மயக்க மருந்தா?

மயக்காது, வலியை மழுக்கும். லிவர்பூல் மருத்துவர் ராபர்ட் மின்னிட் 1933-ல் கொண்டுவந்த பெட்டி, நைட்ரஸ் ஆக்சைடையும் சாதாரணக் காற்றையும் ஏறக்குறையச் சரிபாதி கலந்து தந்தது. மருத்துவர் உடன் இல்லாமலே மருத்துவச்சி பயன்படுத்தலாம் என்று 1936-ல் அனுமதி கிடைத்தது.

குறை கணக்கிலேயே இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு. பாதிக் காற்று என்றால் தாய் இழுப்பதில் ஆக்சிஜன் சுமார் 10 சதவீதமே. குழந்தை ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தால் இது நல்லதல்ல. 1960களில் வந்த எண்டோனாக்ஸ் இதைத் தீர்த்தது: பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி சுத்த ஆக்சிஜன், ஒரே உருளையில். 1965-ல் மருத்துவச்சிகளுக்கு அனுமதி வந்தது.

அதற்கும் ஒரு வில்லங்கம் உண்டு, அது குளிர். உருளை மைனஸ் 6 டிகிரிக்குக் கீழே போனால் நைட்ரஸ் ஆக்சைடு திரவமாகி அடியில் தங்கிவிடும். முதலில் ஆக்சிஜன் மிகுதியாக வரும், வலி குறையாது. போகப் போக நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் வரும், மூச்சு முட்டும். ஆகவே குளிர்ந்த உருளையை வெதுவெதுப்பான அறையில் ஒருநாள் கிடத்தி, தலைகீழாகப் பலமுறை புரட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும். லண்டன் பனிக்காலத்தில் வெளிக் கொட்டகையில் உருளையை வைக்கக்கூடாது என்பது இதனால்தான்.

இழுக்கும் முறையும் முக்கியம். வலி உச்சத்துக்கு வந்த பிறகு முகமூடியைத் தேடினால் பயனில்லை. மருந்து ஏற முக்கால் நிமிடமாவது பிடிக்கும், ஆகவே வலி எழும்பும்போதே இழுக்கத் தொடங்க வேண்டும். முகமூடியைத் தாய்தான் பிடிக்க வேண்டும், மாமியாரோ அக்காவோ அல்ல. அவளுக்குக் கண் செருகினால் கை தானாகத் தளர்ந்து முகமூடி விழும். அதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை.

பெத்திடின் என்ற வலிநீக்கி ஊசியும் பையில் இருந்தது, வழக்கமாக 100 மில்லிகிராம். போட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் குழந்தை பிறந்தால் அதன் மூச்சு மந்தமாகலாம். அதனால் ஊசி எப்போது என்பதைத் தீர்மானிப்பதுதான் கைதேர்ந்த வேலை.

கேள்வி: குழந்தை பிறந்ததும் எல்லாரும் அழுது சிரிக்கும்போது, ஒருவர் மட்டும் பாத்திரத்தில் எதையோ விரித்து விரித்துப் பார்க்கிறாரே?

அந்தக் காட்சியில் மிக முக்கியமான ஆள் அவர்தான். பார்ப்பது நஞ்சுக்கொடியை.

அது கர்ப்பப்பையிலிருந்து பிரிந்துவிட்டதற்கு மூன்று அடையாளங்கள்: சட்டென்று கொஞ்சம் ரத்தம் வரும், வெளியே தெரியும் கொடி நீளும், வயிற்றில் கர்ப்பப்பை உருண்டு இறுகி மேலே எழும். இவை தெரியாமல் கொடியைப் பிடித்து இழுப்பது பெரும் குற்றம். கொடி அறுந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் கர்ப்பப்பையே உள்வெளியாகப் புரண்டு வெளியே வந்துவிடும், தாய் அதிர்ச்சியில் சாயலாம்.

வெளிவந்ததைக் கழுவி, தாயின் பக்கம் ஒட்டியிருந்த முகத்தை மேலாக வைத்து, 15 முதல் 20 வரையான பகுதிகள் இடைவெளி இல்லாமல் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். பிறகு கொடியைப் பிடித்துத் தூக்கினால் பனிக்குடச் சவ்வு பைபோலத் தொங்கும். குழந்தை வந்த ஓட்டை ஒன்றுதான் இருக்க வேண்டும். இன்னொரு ஓட்டை இருந்து, அதன் விளிம்பில் ஒரு ரத்தக்குழாய் அறுந்து நின்றால், தனித் துண்டு ஒன்று உள்ளே தங்கிவிட்டது என்று பொருள். வெட்டிய கொடியில் மூன்று குழாய்கள், இரண்டு தமனி ஒரு சிரை. மொத்த எடை குழந்தையின் எடையில் ஆறில் ஒரு பங்கு, சுமார் அரைக் கிலோ.

துண்டு உள்ளே இருக்கும்வரை கர்ப்பப்பை முழுதாகச் சுருங்காது. சுருங்காத கர்ப்பப்பை ரத்தத்தைக் கொட்டும். அரை லிட்டரைத் தாண்டினால் பேறுகாலப் பெருக்கு என்று பெயர். அப்போது கையால் கர்ப்பப்பையைத் தேய்த்து இறுகச் செய்வது, கர்ப்பப்பையைச் சுருக்கும் எர்கோமெட்ரின் மருந்து அரை மில்லிகிராம் ஊசி, கூடவே அவசரக் குழுவுக்குத் தொலைபேசி. மருத்துவரும் ரத்தமும் வீட்டுக்கே வண்டியில் வரும் இந்த ஏற்பாடு பிரிட்டனில் 1930களிலேயே தொடங்கிவிட்டது. ரத்த அழுத்தம் உயர்ந்த தாய்க்கு எர்கோமெட்ரின் ஆகாது, அழுத்தத்தை இன்னும் ஏற்றிவிடும்.

கேள்வி: புட்டம் முதலில் வரும் பிரசவத்தில் குழந்தையைத் தொங்கவிட்டுச் சும்மா நிற்கிறார்கள். பார்க்கவே பதறுகிறது!

சும்மா நிற்பதுதான் சிகிச்சை. உடல் வந்ததும் பிடித்து இழுத்தால் கைகள் மேலே போய்த் தலையோடு சிக்கும், தாடை நிமிர்ந்து தலை மாட்டும். அதனால் குழந்தை தன் பாரத்திலேயே தொங்கி, பிடரி மயிர் தெரியும்வரை கை வைப்பதில்லை. பிறகு கணுக்காலைப் பிடித்து வளைவாகத் தூக்கி முகத்தை மெதுவாக வெளிக்கொண்டு வருவார்கள். இடையில் கொடி நசுங்குவதால் நேரத்துக்கும் வரம்பு உண்டு. இன்று பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைக்குத்தான் அனுப்புகிறார்கள்.

கேள்வி: தாலிடோமைடு கதை வரலாற்றோடு பொருந்துகிறதா?

பொருந்துகிறது. கருவிலிருக்கும் குழந்தையின் கைகால் வளர்ச்சியைக் கெடுத்த மருந்து அது. ஜெர்மனியில் 1957 அக்டோபரிலும் பிரிட்டனில் 1958 ஏப்ரலிலும் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் ஆபத்தில்லாத மருந்து என்று கடைக்கு வந்தது. மசக்கை வாந்திக்கும் எழுதிக் கொடுத்தார்கள். கடைசி மாதவிலக்கிலிருந்து 34-ஆம் நாள் முதல் 50-ஆம் நாள் வரை தான் அபாயக் காலம். பலருக்குக் கர்ப்பமே அப்போதுதான் உறுதியாகியிருக்கும். ஜெர்மனியில் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் மெக்பிரைட் என்ற இரு மருத்துவர்களும் தனித்தனியே எச்சரித்த பிறகு, 1961 இறுதியில் விற்பனை நின்றது. தொடரின் ஐந்தாம் பருவமும் 1961-ல்தான் நடக்கிறது. கையோ காலோ குட்டையாகப் பிறந்த குழந்தையைக் கையில் வாங்கிய மருத்துவச்சிக்கு, தாய் மாதங்களுக்கு முன் விழுங்கிய மாத்திரையோடு அதை முடிச்சுப் போட எந்த வழியும் இருக்கவில்லை.

கேள்வி: வீட்டுப் பிரசவம் எப்போது மறைந்தது?

தொடர் தொடங்கும் 1957-ல் இங்கிலாந்தில் மூன்றில் ஒரு குழந்தை வீட்டில் பிறந்தது. 1959-ல் அரசு அமைத்த கிரான்புரூக் குழு 70 சதவீதப் பிரசவங்களுக்கு மருத்துவமனைப் படுக்கை வேண்டும் என்றது. 1970-ல் அதேபோல அரசு அமைத்த பீல் குழு நூறு சதவீதத்துக்கும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பிறகு சைக்கிள்கள் துருப்பிடித்தன.

கேள்வி: நடிக்கும் குழந்தைகள் நிஜமா?

பலவும் நிஜம், உரிய அனுமதியோடு, சில வாரமே ஆனவை. மீதி சிலிக்கோன் பொம்மைகள். கண்டுபிடிப்பது எளிது. அந்த நொடியில் பிறந்த குழந்தையின் தலை பிறப்புவழியில் அமுங்கி நீண்டிருக்கும், உடம்பில் வெண்ணெய் பூசியதுபோல வெள்ளை மெழுகு ஒட்டியிருக்கும், உள்ளங்கையும் பாதமும் நீலம் பூத்திருக்கும். திரையில் வருவதோ உருண்டைத் தலையும் மொழுமொழுக் கன்னமுமாய்.