பாடம் மாறியது, பயம் மாறவில்லை

கேள்வி: அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், புதிய பாடநூலில் உள்ள ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிகளால் பயனில்லை என்கிறாள். பாடத்திட்டத்தை மாற்றியது வீண்தானா?

பதில்: வீண் என்று சொல்லிவிட முடியாது. 2018-19 முதல் படிப்படியாக வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் தனி இடம் தரப்பட்டது. மேல்நிலை வகுப்புகளில் இரண்டாக இருந்த ஆங்கிலத் தாள் ஒன்றாக்கப்பட்டபோது சுமை இறங்கியதென மகிழ்ந்த மாணவர்களை நான் அறிவேன். ஆனால் நூறு மதிப்பெண்ணில் தொண்ணூறு எழுத்துத் தேர்வுக்கே போய்விடுவதால், ஆசிரியர் பேச்சுப் பயிற்சிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்கிறார் என்று மாணவர்கள் குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு தடை கூச்சம். நான் சென்றிருந்த ஒரு வகுப்பில், நன்றாக எழுதும் மாணவி ஒருத்தி, பேசச் சொன்னதும் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு, "தப்பாச் சொன்னா சிரிப்பாங்க சார்" என்றாள். அவளையே பக்கத்து இருக்கைத் தோழியிடம் காலைச் சாப்பாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் பேசச் சொன்னபோது, இலக்கணம் தடுமாறினாலும் இட்லியில் தொடங்கி அம்மாவின் கோபம் வரை தயங்காமல் பேசினாள். உங்கள் மகளிடமும், அந்தப் பேச்சுப் பயிற்சிகளில் எவை வகுப்பில் உண்மையில் நடத்தப்பட்டன என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.