கேள்வி–பதில்: சம்பான் ஒழுகுகிறது

கேள்வி: மெராந்தி மரப் பலகையில் 12 அடி சம்பான் (சிறு மரப்படகு) கட்டி, இரண்டு மாதம் கூரையடியில் வைத்திருந்தேன். கடலில் இறக்கியதும் இணைப்பெல்லாம் கசிகிறது. இடுக்குகளில் இன்னும் பருத்தி திணிக்கலாமா?
– வாசகர், பாசிர் ரிஸ்

பதில்: இப்போது வேண்டாம். காய்ந்த பலகை நீர் குடித்தால் அகலவாக்கில் ஊதும். வறண்ட இடுக்கில் இறுக அடைத்தால், ஊதும் பலகை ஆணிகளையே பிடுங்கிவிடும். உள்ளே ஈரச்சாக்கு விரித்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். பாதிக் கசிவு தானாக நிற்கும்.

மிச்சத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, படகைக் கரையேற்றி, இடுக்கைச் சுரண்டிக் காயவிடுங்கள். கலப்பற்று உளியால் (பலகை இடுக்கை அடைக்கும் உளி) பருத்தித் திரியை இடுக்கின் பாதி ஆழத்துக்குத் தட்டி, மேலே குங்கிலியத்தூளை எண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். இடுக்கு வெளிப்பக்கம் விரிந்து, உட்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். உள்ளே வெளிச்சம் தெரிந்தால் திரி நிற்காது. அதே மரத்தில் மெல்லிய கீற்று சீவி இடுக்கில் ஒட்டுங்கள்.

ஆணி வெறும் இரும்பா? உப்புநீர் தின்றுவிடும், மாற்றுங்கள்.