வாசகர் கேள்வி–பதில்: கலான்க் பூங்காவுக்குக் கோடையில் போகலாமா?

கேள்வி: எங்கள் மகன் பிரான்ஸின் மார்செய் நகரில் பணிபுரிகிறான். ஜூலையில் நானும் மனைவியும் அங்கே போய்த் தங்க எண்ணியுள்ளோம். நகரை ஒட்டியுள்ள கலான்க் தேசியப் பூங்காவைப் பார்க்க ஆசை. ஆனால் கோடையில் திடீரென்று உள்ளே விடமாட்டார்கள் என்கிறான் மகன். கத்திரி வெயிலிலேயே வாழ்ந்து பழகிய எங்களுக்கு அந்த வெயில் ஒரு பொருட்டா? மனைவிக்கு முழங்கால் வலி உண்டு.
– பணி நிறைவு பெற்ற ஆசிரியர், சத்துவாச்சாரி, வேலூர்.

பதில்: உங்கள் மகன் சொல்வது சரி. வெயிலைத் தாங்குவீர்களா என்பதை முன்னிட்டு அந்தத் தடை விதிக்கப்படுவதில்லை. காடு தீப்பற்றிவிடக் கூடாது என்பதே காரணம். வேலூரில் கத்திரி முடிந்தபின் ஆடி, ஆவணி மாதங்களில் மாலை இடியோடு ஒரு மழையாவது இறங்கிவிடுகிறது. மத்தியதரைக் கடற்கரையில் மழையெல்லாம் குளிர்காலத்தையும் அதை ஒட்டிய மாதங்களையும் சார்ந்தது. ஜூலைதான் அங்கே மிகவும் வறண்ட மாதம். சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் வேர்விட்ட பைன் மரங்களும் புதர்களும் அப்போது சருகாகக் காய்ந்திருக்க, வடமேற்கிலிருந்து மிஸ்ட்ரால் என்னும் வறண்ட காற்றும் வீசினால் ஒரு தீப்பொறி போதும், ஒரு குன்றே எரிந்துவிடும். ஆகவே ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை, மறுநாள் நுழைவு உண்டா இல்லையா என்பதைத் தீ அபாயத்தின் அளவைப் பார்த்து முந்தைய நாள் மாலையே அறிவிக்கிறார்கள். சிவப்பு என்று அறிவித்துவிட்டால் நடைபாதைகள் அன்று முழுவதும் மூடப்படும். பூங்காவின் கைப்பேசிச் செயலியில் மகனே பார்த்துச் சொல்லிவிடலாம்.

என் யோசனை, பயணத்தையே ஏப்ரல், மே அல்லது அக்டோபருக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே. ஜூலைதான் முடியும் என்றால், பூங்காவுக்கென்று ஒரே ஒரு நாளைக் குறித்துவைக்காமல் இரண்டு மூன்று நாள்களைக் கைவசம் வைத்திருங்கள்.

2012இல் அமைக்கப்பட்ட இப்பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் சுஜிதோன் என்ற கடற்குடாவுக்குக் கோடையின் நெரிசல் மிகுந்த நாள்களில் இலவச முன்பதிவு கட்டாயம். ஒரு காலத்தில் நாளொன்றுக்கு 2500 பேர் வரை இறங்கி, கால் மிதியில் மண் அரித்து மரங்களின் வேர்கள் வெளியே தெரியும் நிலை வந்ததால், 2022 முதல் அங்கே 400 பேருக்கு மட்டுமே இடம் தருகிறார்கள். கூட்டத்தைக் குறைக்கக் கட்டணம் விதிக்காமல் எண்ணிக்கையை மட்டும் குறைத்தது நல்ல முடிவென்றே நான் கருதுகிறேன். பணம் உள்ளவருக்கு மட்டும் காடு என்றாகிவிடவில்லை.

முழங்கால் வலி உள்ளவர் ஆன்வோ குடாவுக்கு நடந்து போக வேண்டாம். படங்களில் மிக அழகாகத் தெரிவது அதுதான். ஆனால் பலர் மிதித்து வழவழப்பான செங்குத்துப் பாறையில் இறங்கி, அதே வழியில் ஏறித் திரும்ப வேண்டும். மார்செயிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் எட்டக்கூடிய காஸிஸ் என்னும் சிற்றூர் உங்களுக்குப் பொருந்தும். ரயில் நிலையம் ஊரிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் அங்கிருந்து பேருந்தில் போங்கள். ஊர்த் துறைமுகத்திலிருந்து போர் மியூ குடாவரை நிதானமாக நடக்கலாம். ஆன்வோவைப் படகிலிருந்தே பார்த்துவிடலாம். காற்று பலமாக இருந்தால் படகும் புறப்படாது. பாதைகளில் குடிநீர்க் குழாய் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டராவது கையோடு கொண்டுபோங்கள். பீடி, சிகரெட், அடுப்பு எல்லாவற்றுக்கும் தடை உண்டு.

கேள்வி: பிரான்ஸில் மகள் வீட்டில் தங்குவதாக இருந்தாலும் ஓட்டல் முன்பதிவு காட்டினால்தான் விசா கிடைக்குமா?
– இல்லத்தரசி, குடியாத்தம்.

பதில்: தேவையில்லை. உங்களுக்கு இடமளிப்பதற்கான சான்றிதழை மகள் தம் ஊர் மேயர் அலுவலகத்தில் பெற்று, அதன் மூலப் பிரதியை உங்களுக்கு அனுப்ப வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சென்னையில் உள்ள விசா மையத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கும்.

கேள்வி: மத்தியதரைக் கடற்கரைகளில் பழுப்பு நிறத்தில் இலைக்குப்பை மலைபோல் குவிந்திருப்பதைப் படங்களில் பார்த்தேன். பாதுகாக்கப்பட்ட பகுதியில் இதைக்கூட அள்ள மாட்டார்களா?
– கல்லூரி மாணவி, ஆற்காடு.

பதில்: அள்ளாமல் விடுவதுதான் பாதுகாப்பு. அது பொசிடோனியா என்னும் கடற்புல்லின் உதிர்ந்த இலை. பாசி இனமல்ல, பூத்துக் காய்க்கும் தாவரம். இலைக் குவியல் அலையின் வேகத்தைத் தாங்கிக்கொள்வதால் மணல் அரிக்கப்படாமல் நிற்கிறது. கடலடியிலோ அதன் படுகைகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே பரவுகின்றன. ஒரு படகின் நங்கூரம் கிழித்த இடம் மூடுவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதனால்தான் பூங்காவின் கடற்பகுதியில் நங்கூரமிடக் கட்டுப்பாடு இருக்கிறது. நம் பாக் விரிகுடாவிலும் கடற்புல் உண்டு, இனம்தான் வேறு. அதை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காக 2022இல் தமிழக அரசு அங்கே 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. உங்கள் ஊருக்குக் கடல் தூரம் என்றாலும், பிரான்ஸுக்குப் போகுமுன் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்கரைப் பக்கம் ஒருமுறை போய்வரலாமே.

கேள்வி: கலான்க் பகுதியில் கடலுக்கடியில் ஓவியக் குகை இருக்கிறதாமே, உள்ளே போக முடியுமா?
– நெசவாளர், ஆரணி.

பதில்: முடியாது. ஆன்றி கோஸ்கேர் என்ற நீர்மூழ்காளர் கண்டறிந்த அந்தக் குகையின் வாயில் கடல்மட்டத்துக்கு 37 மீட்டர் கீழே உள்ளது. பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்ததால், அன்றைய மனிதர்கள் தரைவழியாகவே நடந்து போய்க் குதிரைகளையும் கைத்தடங்களையும் வரைந்தார்கள். 1991இல் மூவர் அங்கே மூழ்கி இறந்தபின் வாயில் அடைக்கப்பட்டது. 2022இல் மார்செய் துறைமுகத்தை ஒட்டித் திறக்கப்பட்ட மாதிரிக் குகையைக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். பூங்கா மூடியிருக்கும் நாளுக்கு அதை ஒதுக்கிவையுங்கள்.