லண்டன் உரிமம் மன்னார்குடியில் செல்லுமா?

கேள்வி: குறுவை நெல் விற்ற பணத்தை, லண்டனில் உரிமம் பெற்றதாகச் சொல்லும் அந்நியச் செலாவணி வர்த்தகச் செயலியில் போடலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம். பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.ஏ. தந்த உரிமம் அசலாகவே இருந்தாலும், இந்தியாவில் தரகு நடத்த அது அனுமதி ஆகாது. அசல் நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு. எஃப்.சி.ஏ. பதிவேட்டிலுள்ள இணைய முகவரி, தொலைபேசி எண்ணோடு ஒப்பிட்டால் குட்டு உடையும்.

இங்கே தரகு நடத்த, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பதிவு வேண்டும்; பங்குத் தரகரின் செபி பதிவு எண் 'ஐஎன்இசட்' (INZ) என்று தொடங்கும். செபி தளத்திலேயே தேடிச் சரிபாருங்கள். அனுமதியற்ற அந்நியச் செலாவணித் தளங்கள் பற்றிய ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் மட்டும் அனுமதி பெற்றதாகிவிடாது.

லாபத்தை எடுக்க முதலில் 'வரி' கட்டச் சொன்னால் அது மோசடிதான், மேலும் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிவிட்டால் முடக்குவது கடினம்.