பதில்: பொருள்கள் கூடின, அறிமுகம் குழம்புகிறது

வணக்கம். மருந்துக்கடை பில்லிங் செயலியாகத் தொடங்கி, ஸ்டாக், டெலிவரி, கடன் வரை சேர்த்த பிறகு, முதலீட்டாளர்கள் "சரி, நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான்கையும் பிட்ச்சின், அதாவது முதலீட்டாளர்களுக்குக் காட்டும் அறிமுகத்தின், முதல் ஸ்லைடிலேயே அடுக்குவதுதான் சிக்கல். இன்று அதிக வருமானம் தருவது எது? அதை யார் வாங்குகிறார், அவருக்கு எந்தத் தொல்லை தீர்கிறது என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். மற்றவை, அதே கடைக்காரருக்கு அடுத்து விற்பவையாகப் பின்னால் வரட்டும். கடன் அதில் ஒட்டவில்லை என்றால், நானாக இருந்தால் பிட்ச்சிலிருந்தே எடுத்துவிடுவேன்.

உதாரணத்துக்கு, சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் நிறுவனம், வாடிக்கையாளர் சேவை மென்பொருள் ஒன்றை வைத்துத்தான் வளர்ந்தது. பொருள்கள் பெருகிய பிறகே, 2017-இல், நிறுவனத்தின் பெயர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆனது.

அப்புறம், உங்கள் விற்பனை ஆட்களிடமும் தனித்தனியாக இதே கேள்வியைக் கேளுங்கள். ஆளுக்கொரு பதில் வந்தால், ஸ்லைடுக்கு முன்னால் அதைச் சரிசெய்யுங்கள்.